லிட்டரிலிருந்து அமெரிக்கக் கேலனுக்கு: திரவ அளவுகளை மாற்றும் முறை

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களோடு சேர்ந்து பானகம் கலக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. 20 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ வெல்லம், 600 மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாறு, சுக்கு, ஏலக்காய் என்ற கணக்கு எனக்கு மனப்பாடம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் குடியிருக்கும் என் அக்கா மகள், தன் ஊர்க் கோயிலில் பானகம் கொடுக்க விரும்பி, இந்த அளவைக் கேலனில் எழுதித் தரும்படி கேட்டாள். நான் சிறு வயதில் படித்தபடியே 20ஐ 4.546ஆல் வகுத்து, 4.4 கேலன் என்று எழுதி அனுப்பினேன். அவள் கடையில் ஒரு கேலன் தண்ணீர்க் குடுவைகளை வாங்கி வந்து, நான்கு குடுவைகளை முழுமையாகவும் ஐந்தாவதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் ஊற்றி, மற்றவற்றை நான் சொன்னபடியே சேர்த்திருக்கிறாள்.

“சித்தி, நீங்கள் சொன்ன அளவுதான் போட்டேன். வாயில் வைக்க முடியாத தித்திப்பு, புளிப்பும் தூக்கலாக இருந்தது” என்று மறுநாள் வருத்தப்பட்டாள்.

வகுத்ததில் பிழை இல்லை. நான் வகுத்த கேலன் பிரிட்டிஷ் கேலன். அவள் வாங்கிய குடுவை அமெரிக்கக் கேலன். அவள் ஊற்றிய தண்ணீர் 16.66 லிட்டர் மட்டுமே என்பதால், பானகம் இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் செறிந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சமையல் குறிப்பு எழுதுகிறவர்களும், சிறு தொழிலாக எண்ணெயோ சாறோ அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களும் இந்தத் தவற்றைச் செய்யாமல் இருக்க, மெட்ரிக் திரவ அளவை அமெரிக்க அளவுக்கு மாற்றும் முறையை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, எந்த நாட்டுக் கேலன், எந்த நாட்டு அவுன்ஸ் என்ற கேள்விதான். பெருக்கலும் வகுத்தலும் அதற்குப் பிறகு வருபவை. இங்கிலாந்தில் ஆன் அரசியின் காலத்தில், 1707ஆம் ஆண்டில், திராட்சை மதுவை அளக்கும் கேலன் 231 கன அங்குலம் என்று சட்டத்தில் வரையறுக்கப்பட்டது. அமெரிக்கர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். இன்றைய அமெரிக்கக் கேலன் அதே 231 கன அங்குலம்தான். பிரிட்டன் 1824இல் புதிய சட்டம் இயற்றி, பத்து பவுண்டு எடையுள்ள தண்ணீர் கொள்ளும் அளவை ஒரே பொதுக் கேலனாக ஆக்கியது. அது 4.546 லிட்டர். மலாயாவுக்கு வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது கேலன். ஒரு கந்தாங் அரிசி என்று நம் பாட்டிமார் அளந்ததும் அளவில் இதே பிரிட்டிஷ் கேலன்தான். கந்தாங்கும் சுப்பாக்கும் மலாய் முகத்தலளவைகள்; நான்கு சுப்பாக் சேர்ந்தால் ஒரு கந்தாங். மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப் பின் கிலோவும் லிட்டரும் படிப்படியாக வழக்கத்துக்கு வந்துவிட்டாலும், கேலன் என்று கேட்டவுடன் என் வயதுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது 4.546தான். அந்த நினைவை அமெரிக்கக் கணக்குக்குக் கொண்டுபோகக் கூடாது.

அமெரிக்கக் கேலன் 3.785411784 லிட்டர். இது தோராயமான எண் அன்று. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்று 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் உடன்பட்டதால், 231 கன அங்குலத்தை லிட்டராக்கினால் மிச்சமின்றி இந்த எண் கிடைக்கிறது. ஒரு கேலனில் 4 குவார்ட், ஒரு குவார்ட்டில் 2 பைண்ட், ஒரு பைண்டில் 2 கப், ஒரு கப்பில் 8 திரவ அவுன்ஸ், ஒரு திரவ அவுன்ஸில் 2 மேசைக்கரண்டி, ஒரு மேசைக்கரண்டியில் 3 தேக்கரண்டி. ஆகவே ஒரு கேலன் 128 திரவ அவுன்ஸ். மில்லிலிட்டரில் பார்த்தால் குவார்ட் 946.35, பைண்ட் 473.18, கப் 236.59, திரவ அவுன்ஸ் 29.5735, மேசைக்கரண்டி 14.79, தேக்கரண்டி 4.93.

இவ்வளவு எண்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நான் வைத்திருப்பது 29.5735 என்ற ஒரே எண்தான். எந்த அளவாக இருந்தாலும் அதை முதலில் மில்லிலிட்டராக்கி, 29.5735ஆல் வகுத்து, மொத்தத்தையும் திரவ அவுன்ஸாக்கிவிடுகிறேன். பிறகு 128, 32, 16, 8 என்ற முழு எண்களைக் கொண்டு கேலன், குவார்ட், பைண்ட், கப் என்று பிரித்துக்கொள்வது எளிது. எடுத்துக்காட்டாக, 6 லிட்டர் ரசம் என்றால் 6000ஐ 29.5735ஆல் வகுக்க 202.88 திரவ அவுன்ஸ் வரும். அதில் 128ஐ ஒரு கேலனாக எடுத்துவிட்டால் மிச்சம் 74.88, அதில் 64ஐ இரண்டு குவார்ட்டாக எடுத்தால் மிச்சம் 10.88. எனவே 6 லிட்டர் என்பது ஒரு கேலன், இரண்டு குவார்ட், 10.9 திரவ அவுன்ஸ். லிட்டரை நேரே கேலனாக்கி 1.585 என்ற பின்னத்தைப் பெற்று, அதைப் பிறகு உடைக்க முயல்கிறவர்கள் பாதிவழியில் எண்ணைச் சுருக்கிவிட்டுத் தவறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சுருக்குவதானால் கடைசி விடையில் ஒரே ஒரு முறை சுருக்க வேண்டும்.

கால்குலேட்டர் கையில் இல்லாதபோது ஒரு வழி உண்டு. மில்லிலிட்டரை 30ஆல் வகுத்து, வந்த விடையோடு அதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கைக் கூட்டினால் போதும். 750 மில்லிலிட்டரை 30ஆல் வகுத்தால் 25. அதில் நூற்றுக்கு ஒன்றரை என்பது 0.375, கூட்டினால் 25.375. உண்மையான விடை 25.36. பெரிய அளவுகளுக்கு, லிட்டரை நான்கால் வகுத்து, விடையில் நூற்றுக்கு ஐந்தே முக்கால் பங்கைச் சேர்த்தால் கேலன் கிடைத்துவிடும். 20 லிட்டருக்கு 5 கேலன், அதோடு ஏறத்தாழ 0.29, ஆக 5.29. உண்மையான விடை 5.28.

இந்தக் குறுக்குவழிக்குள் ஒரு சோதனையும் இருக்கிறது. அமெரிக்க அளவில் குவார்ட்டின் எண்ணிக்கை லிட்டரின் எண்ணிக்கையைவிடச் சற்றுக் கூடுதலாக வரும். பைண்ட் இரு மடங்குக்குச் சற்று மேலாக வரும். கப் நான்கு மடங்குக்குச் சற்று மேலாக வரும். கேலன் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக வரும். எங்கேயும் ‘சற்றுக் கூட’தான். நான்கில் ஒரு பங்குக்குக் கீழே ஒரு விடை வந்தால், கணக்குக்குள் பிரிட்டிஷ் கேலன் நுழைந்துவிட்டது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். 20 லிட்டருக்கு 4.4 என்று வந்ததே, அது 5க்குக் கீழே இருக்கிறது என்பதை அன்று நான் கவனித்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

அவுன்ஸில் இந்தச் சிக்கல் தலைகீழாக அமைகிறது. பிரிட்டிஷ் கேலன் பெரியது என்றாலும் அதை 160 பங்காகப் பிரித்ததால், பிரிட்டிஷ் திரவ அவுன்ஸ் 28.41 மில்லிலிட்டர்தான், கேலன் சிறியதாக உள்ள அமெரிக்காவில் அவுன்ஸ் 29.57. அரை லிட்டர் என்பது அமெரிக்க அவுன்ஸில் 16.9, பிரிட்டிஷ் அவுன்ஸில் 17.6. வேறுபாடு நூற்றுக்கு நான்கு என்பதால் ஒரு குவளையில் கண்ணுக்குத் தெரியாது; ஆனால் ஒரு பெட்டி நிறையப் போத்தல்களுக்குத் தெரியும்.

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் அளவுக் குவளையை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மில்லிலிட்டர் கோடுகளும் மறுபக்கம் அவுன்ஸ், பைண்ட் கோடுகளும் அச்சிடப்பட்டிருக்கும். எந்த நாட்டு அவுன்ஸ் என்று எழுதியிருப்பது அரிது. ஒரு பைண்ட் என்று எழுதிய கோட்டின் உயரத்தில் மறுபக்கத்தில் எந்த எண் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 500க்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 473இல் இருந்தால் அது அமெரிக்கக் குவளை. 500க்கு மேலே, 568இல் இருந்தால் பிரிட்டிஷ் குவளை. என்னிடம் உள்ள இரண்டு குவளைகளில் பழையது பிரிட்டிஷ் வகை, புதியது அமெரிக்க வகை; இரண்டும் ஒரே அலமாரியில் இருந்ததை இந்தச் சோதனைக்குப் பிறகுதான் அறிந்தேன். அளக்கும்போது குவளையைச் சமமான மேசையில் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குத் தாழ்த்தி, தண்ணீரின் மேற்பரப்பு நடுவில் குழிந்திருக்கும் அடிப்பகுதியைப் படிக்க வேண்டும். குவளையைக் கையில் தூக்கிப் பிடித்துப் படிக்கிறவர்கள் அளவில் தவறுவது அதிகம்.

கப் என்ற சொல்லுக்கு நம் சமையலறைகளில் குறைந்தது மூன்று பொருள் உண்டு. இங்கே பேக்கிங் கடைகளில் விற்கும் அளவுக் கப் பெரும்பாலும் 250 மில்லிலிட்டர். அமெரிக்கக் கப் 236.6, மின்சாரச் சோற்றுப் பானையோடு வரும் சிறு கப் வழக்கமாக 180. அந்தச் சிறு கப்பால் தேங்காய்ப்பாலை அளந்துவிட்டு ஒரு கப் என்று அமெரிக்காவுக்கு எழுதினால், அங்கே ஊற்றுகிறவர் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஊற்றிவிடுவார். ஆகவே குறிப்பு எழுதுகிறவர் கப் என்று எழுதாமல் முதலில் மில்லிலிட்டரை எழுதி, அதிலிருந்து மாற்றுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. மேசைக்கரண்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அமெரிக்கக் கரண்டி 14.8 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியக் கரண்டி 20. மெல்பர்னில் ஒரு பிள்ளையும் நியூஜெர்சியில் ஒரு பிள்ளையும் இருக்கிற வீடுகளில், ஒரே குறிப்பை இருவருக்கும் அப்படியே அனுப்ப முடியாது.

இங்கே கடைகளில் கிடைக்கும் 200 மில்லிலிட்டர் சந்தான் (தேங்காய்ப்பால்) பெட்டியை எடுத்துக்கொள்வோம். 29.5735ஆல் வகுக்க 6.76 திரவ அவுன்ஸ், அதை எட்டால் வகுக்க 0.845 கப். 0.845 என்று எந்த அளவுக் கப்பிலும் கோடு இருக்காது. முக்கால் கப் 177.4 மில்லிலிட்டர், மீதம் 22.6; அதில் ஒன்றரை மேசைக்கரண்டி 22.2. எனவே முக்கால் கப்போடு ஒன்றரை மேசைக்கரண்டி என்று எழுதினால் அமெரிக்கச் சமையலறையில் அப்படியே அளக்கலாம். அங்கே தேங்காய்ப்பால் டின்னில் பெரும்பாலும் 13.5 திரவ அவுன்ஸ் என்று இருக்கும். அது நம் 400 மில்லிலிட்டர் டின்தான். இரண்டு பெட்டி சந்தான் என்று வருகிற இடத்தில் ஒரு டின் என்று எழுதிவிட்டால் அளக்கும் வேலையே இல்லை. இப்படிப் பொருளுக்குப் பொருள் பொருந்துகிற இடத்தில் எண்ணை விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது எடை. அமெரிக்காவில் அவுன்ஸ் என்ற ஒரே சொல் எடைக்கும் வழங்குகிறது. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் என்றால் அந்த அடைமொழி கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எடை என்றே கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இனிப்பூட்டிய கெட்டிப்பால் டின்னில் 14 அவுன்ஸ் என்று எழுதியிருப்பது எடை, அதாவது 397 கிராம். கெட்டிப்பால் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.3 மடங்கு கனமானது என்பதால், அந்த டின்னில் இருப்பது ஒன்றேகால் கப் மட்டுமே. அதைத் திரவ அவுன்ஸ் என்று எண்ணினால் ஒன்றே முக்கால் கப் என்று கணக்குப் போட்டுவிடுவோம், பாயசம் கெட்டுப்போகும்.

நம் ஊரில் இது எதிர்ப்பக்கமாக நேர்கிறது. சமையல் எண்ணெயை இங்கே கிலோ கணக்கில்தான் விற்கிறார்கள். பாக்கெட்டில் ஒரு கிலோ, போத்தலில் ஐந்து கிலோ, தகர டின்னில் பதினேழு கிலோ. கிலோவை லிட்டர் என்று எண்ணி நேரே மாற்றிவிடக் கூடாது. பனை எண்ணெயின் ஒரு லிட்டர் ஏறக்குறைய 0.91 கிலோ எடை இருக்கும். ஒரு கிலோ பாக்கெட்டில் உள்ள எண்ணெய் ஏறக்குறைய 1.1 லிட்டர், அது 37 திரவ அவுன்ஸ், அதாவது நாலரைக் கப்புக்குச் சற்று மேல். பதினேழு கிலோ டின் ஏறக்குறைய 18.7 லிட்டர், ஐந்து அமெரிக்கக் கேலனுக்கு ஏறக்குறைய ஒரு கப் குறைவு. எடையில் இருக்கும் திரவத்தை முதலில் அதன் அடர்த்தியால் வகுத்து லிட்டராக்கி, அதன் பிறகே அமெரிக்க அளவுக்குப் போக வேண்டும். தண்ணீரும் மெல்லிய சாறும் மட்டுமே கிலோவுக்கு லிட்டர் என்று ஏறத்தாழ நிற்பவை. தேன் ஒரு லிட்டர் 1.4 கிலோ எடை இருக்கும்.

அமெரிக்காவில் விற்பனைக்குப் பொருள் அனுப்புகிறவர்களுக்குச் சில சொற்கள். பினாங்கில் ஜாதிக்காய்ச் சாறும் ஜாதிக்காய் எண்ணெயும் செய்து அடைக்கிறவர்கள் இருப்பதால் இதைச் சொல்கிறேன். பொதுவாக நுகர்பொருள் பொட்டலங்களில் நிகர அளவை மெட்ரிக்கிலும் அமெரிக்க அளவிலும் சேர்த்து எழுத வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலில் 16.9 திரவ அவுன்ஸ் என்று இருப்பதும், ஒரு லிட்டர்ப் போத்தலில் 33.8 என்று இருப்பதும் இதனால்தான். உணவுப் பொருளுக்கு இந்த நிகர அளவு 231 கன அங்குலக் கேலனின் அடிப்படையில் இருக்க வேண்டும். ஆனால் அதே லேபிளில் சத்துகளைக் காட்டும் கட்டத்துக்குள் மட்டும், ஒரு திரவ அவுன்ஸை 30 மில்லிலிட்டராகவும் ஒரு கப்பை 240ஆகவும் மேசைக்கரண்டியை 15ஆகவும் தேக்கரண்டியை 5ஆகவும் கொள்வது அந்நாட்டு விதி. ஒரே லேபிளில் இரண்டு கணக்கு வாழ்கிறது. சத்துக் கட்டத்தில் உள்ள 30ஐக் கொண்டு நிகர அளவைக் கணக்கிட்டால் அரை லிட்டர் 16.67 ஆகிவிடும், அது சரியல்ல.

முழுமையாக்கும்போது நான் எப்போதும் கீழ்நோக்கியே போகச் சொல்வேன். 700 மில்லிலிட்டர் 23.67 திரவ அவுன்ஸ். ஒரு புள்ளிக்குச் சுருக்கினால் 23.7 வரும், ஆனால் அது போத்தலில் உள்ளதைவிடக் கூடுதலாகச் சொல்வதாகும். 23.6 என்றே எழுதலாம். வாங்குகிறவருக்குச் சொன்னதைவிடக் குறைவாகக் கொடுக்கும் இடம் கடுகளவும் வரக் கூடாது. இன்னொன்று, சாதாரண அறைவெப்பத்தில் விற்கும் திரவ உணவுகளின் அளவை அமெரிக்காவில் 20 பாகை செல்சியஸில் இருப்பதாகக் கொள்கிறார்கள். பினாங்கில் நாம் 30 பாகையில் அடைக்கிறோம். பத்து பாகை குளிர்ந்தால் எண்ணெய் ஏறக்குறைய நூற்றுக்கு 0.7 பங்கு சுருங்கும். லிட்டருக்கு 7 மில்லிலிட்டர் குறைந்துவிடும். 29.57 எடுப்பதா 29.5735 எடுப்பதா என்ற வேறுபாடு லிட்டருக்கு 0.12 மில்லிலிட்டர்கூட இல்லை. தசமப் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, அடைக்கும் இடத்தின் வெப்பத்தைக் கவனிப்பது பயன் தரும்.

விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகும் திரவத்துக்கு அமெரிக்காவில் 3.4 அவுன்ஸ் என்று சொல்வது நம் 100 மில்லிலிட்டர்தான், 3.38 என்ற எண்ணை அவர்கள் மேல்நோக்கிச் சுருக்கியிருக்கிறார்கள்.

மருந்தின் அளவை மட்டும் வேறு அளவைக்கு மாற்றவே வேண்டாம். குழந்தைக்கு 5 மில்லிலிட்டர் என்று மருத்துவர் எழுதியிருந்தால் அது எந்த நாட்டிலும் 5 மில்லிலிட்டர்தான். மருந்தோடு வரும் சிறு குழாயாலோ அளவுக் கிண்ணத்தாலோ அளக்க வேண்டும், சமையலறைக் கரண்டியால் அன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே 2015இல், வாய்வழித் திரவ மருந்துகளை மில்லிலிட்டரில் மட்டும் குறிக்க வேண்டும் என்று வலியுறுத்தியிருக்கிறது.

மாற்றி முடித்த பிறகு விடையைத் திருப்பிப் பெருக்கிப் பார்ப்பது என் வழக்கம். அக்கா மகளுக்கு மறு ஆண்டு அனுப்பிய குறிப்பையும் அப்படித்தான் சரிபார்த்தேன். 20,000ஐ 29.5735ஆல் வகுக்க 676.28 திரவ அவுன்ஸ். அதில் ஐந்து கேலன் 640, மீதம் 36.28, அதில் ஒரு குவார்ட் 32, மீதம் 4.28, ஏறக்குறைய அரைக் கப். எனவே தண்ணீர் ஐந்து குடுவை, ஒரு குவார்ட், அரைக் கப். எலுமிச்சைச் சாறு 600 மில்லிலிட்டர் 20.29 திரவ அவுன்ஸ். இரண்டரைக் கப்போடு இரண்டு தேக்கரண்டி. வெல்லம் திடப்பொருள் என்பதால் எடையிலேயே, 3 கிலோவை 6.6 பவுண்டு என்று எழுதினேன். சுக்கையும் ஏலக்காயையும் கிராமிலேயே விட்டுவிட்டேன். அவளிடம் ஒரு சிறு தராசு இருக்கிறது. குறிப்பின் தலைப்பில், கேலன் என்று வரும் இடமெல்லாம் அமெரிக்கக் கேலன் என்று ஒரு வரி சேர்த்து, பக்கத்தில் லிட்டர் எண்களையும் அழிக்காமல் வைத்தேன். ஐந்து கேலன் கொள்ளும் பானப் பீப்பாயில் எல்லாம் அடங்காது என்பதால், மீதத்துக்கு ஒரு வாளியையும் எடுத்து வைக்கச் சொன்னேன்.